மூலைக் குட்டையின் ஊதாப் பூ

நல்லூர்,
10-11-1991

அன்புத் தங்கை சுப்பாத்தாளுக்கு,

நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? புனேயில் குளிர் தொடங்கியிருக்கும். உன் இருமலுக்கு மிளகுக் கஷாயத்தை நிறுத்திவிடாதே. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. கீழ்வீட்டில் இன்னும் நாலு தையல் மெஷின் இறக்கியிருக்கிறார்கள். பரீட்சைத் தாள் திருத்தும்போது மேசை நடுங்குகிறது.

தீபாவளிக்கு அண்ணன் வீட்டில் ஒரம்பரை, சொந்தபந்தம் நிறைய. சாப்பாடு முடிந்ததும் அண்ணன் பேச்சை எடுத்தார். அருள்புரத்துப் பூமியில், ரோட்டை ஒட்டிச் சாயப்பட்டறை கட்டப் போகிறாராம். நம் மூலைக் குட்டையில் சாயத் தண்ணீரை விடுவதாகத் திட்டம். கூட்டுப் பட்டாவில் என் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. நீ கல்யாணத்தின் போதே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டாய். எனக்குக் கல்யாணமே ஆகாததால் என்னிடம் எழுதி வாங்க யாருக்கும் தோன்றவில்லை. இப்போது பெண்ணுக்கும் சொத்தில் பங்கு என்று புதுச் சட்டம் வந்து, வேண்டாத பெண் வேண்டியவளாகிவிட்டேன்.

“குட்டை வேண்டாங்கண்ணா. வேற எடம் பாருங்க” என்றேன்.

“அதுல என்னம்மிணி இருக்குது? கோரையும் களையுந்தானே?”

“ஊதாப் பூ ஒண்ணு பூக்குதுங்க. துளசிக் குடும்பமாட்டத் தெரியுது. பேரு தெரியலை.”

உடனே பெரியாத்தாள் அத்தை வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, “இவளுக்குப் பூ வெக்க ஆளு இல்லீன்னு குட்டையே பூத்துக் குடுக்குதாக்கும்” என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. நங்கை மட்டும், அண்ணன் மனைவியாயிற்றே, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில் ஒரு வார்த்தை விட்டேன். “சுப்பாத்தாளுக்கு அந்தச் செடிய அனுப்பறேன். அவ பாடம் நடத்தற காலேஜ்ல ஊரு ஒலகத்துச் செடியெல்லாம் இருக்குது. இது சும்மா களைதான்னு அவ எழுதட்டும், அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்.”

“சபைல சொல்லிப்போட்டா! எல்லாரும் கேட்டுக்குங்க” என்று அண்ணன் கை தட்டினார்.

செடியைத் தட்டையாக உலர்த்திப் பாடம் செய்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று நான் ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. அக்கா சொல்லிக் கொடுத்ததைத் தங்கை எழுதினாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. பொட்டலத்தைப் பிரி, பார், பார்த்ததை எழுது.

பாப்பாவுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா,
ரங்காத்தாள்

*

புனே,
2-12-1991

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே மூவரும் சௌக்கியம். கஷாயத்தில் இருமல் குறைந்துவிட்டது. உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட ஆள் வைத்துக்கொள்ளக் கூடாதா?

பொட்டலம் வந்து சேர்ந்தது. பருவத் தேர்வு நடப்பதால் உடனே பார்க்க முடியவில்லை. பார்த்து எழுதுகிறேன்.

அத்தை பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அண்ணனும் மனதில் எதையும் வைத்துக்கொள்பவர் இல்லை. நமக்கென்று இருப்பது அவர் ஒருவர்தான்.

ஒன்று கேட்க வேண்டும். திருப்பூரில் எட்டாம் வகுப்புக்கு நல்ல இங்கிலீஷ் மீடியம் பள்ளி எது? நடுவில் சேர்த்துக்கொள்வார்களா? இங்கே தெரிந்தவர் ஒருவர் கேட்டார்.

அன்புடன்,
சுப்பாத்தாள்

*

நல்லூர்,
9-12-1991

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அனைவரும் சுகம் என்று அறிந்து நிம்மதி. உன் சிநேகிதரிடம் சொல், பள்ளிகள் இரண்டு மூன்று இருக்கின்றன, ஆனால் ஜூனில்தான் சேர்ப்பார்கள். விவரம் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

போன வாரம் நல்ல மழை. குட்டை கரை தொட்டு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அருள்புரம் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வடியும் விளிம்பில் ஊதா விரித்தாற்போல் இருந்தது. நான் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பூவின் பாகங்களைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன். என் சொந்தப் பூமியில் பூப்பதன் பேர் எனக்குத் தெரியாது. பி.எஸ்ஸி. முடித்த கையோடு வேலையில் சேர்ந்தேன். நீ மேலே படித்தாய். அதில் எனக்கு வருத்தம் இல்லை. உன்னிடம் கேட்பதில் வெட்கமும் இல்லை.

அண்ணன் இரண்டு முறை பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார். “பூனாவுல இருந்து பதில் வந்துச்சா டீச்சர்?” என்று வாட்ச்மேன் முன்னால் கேட்கிறார். அவருக்கு உன் பதில் என்னவென்று தெரிந்ததுபோல் ஒரு சிரிப்பு. உன்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. களை என்றால் களை என்று எழுது. நான் சொன்ன சொல் தவற மாட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல்.

ரங்காத்தாள்

*

புனே,
28-12-1991

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே நலம், அங்கும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

நீங்கள் அனுப்பிய செடியைப் பார்த்தேன். தண்டு உருண்டை. காயில் பொடி விதைகள் பல. ஆகவே துளசிக் குடும்பம் அல்ல. லிம்னோஃபிலா என்னும் பேரினம். நெல் வயல்களில் பிடுங்கி வரப்பில் எறியும் சாதாரணக் களை. தாவரவியல் முக்கியத்துவம் எதுவும் இல்லை.

அக்கா, இனி இதை விட்டுவிடுங்கள். சபையில் சொன்ன வார்த்தை, கையெழுத்தைப் போட்டுவிடுங்கள். தை பிறந்தால் எல்லோருக்கும் நல்லது நடக்கட்டும். உங்களுக்கும் வயதாகிறது, அண்ணனைப் பகைத்துக்கொண்டு தனியாக எத்தனை நாள்?

பாப்பா பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

சுப்பாத்தாள்

*

நல்லூர்,
4-1-1992

சுப்பாத்தாளுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

உன்னிடம் நான் மறைத்த ஒன்றை முதலில் சொல்கிறேன். தீபாவளி முடிந்ததும் செடியைப் பறித்துக்கொண்டு, அண்ணனின் அருள்புரம் கம்பெனிக்குப் போனேன். பனியன் பண்டல்களின் கனத்தில் ஒரு வாரம் இருந்தால் நன்றாகப் பாடமாகும் என்று எண்ணம். இஸ்திரிப் பிரிவில் மருதாள் என்று ஒருத்தி இருக்கிறாள். பத்து வருஷமாக இஸ்திரிதான் வேலை. அவளிடம் பேப்பரில் வைத்த செடியைக் கொடுத்து, “இது நல்லாத் தட்டையா ஆகோணும் மருதா” என்றேன். மறுநாள் போனால் கையில் நீட்டினாள். “கசங்கிக் கெடந்துச்சுங்க அம்மணி. தண்ணி தெளிச்சு, பெட்டிய நாலு ஓட்டு ஓட்டினனுங்க. இப்பப் பாருங்க, எக்ஸ்போர்ட் பீசாட்டம்!”

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தட்டையாக வேண்டும் என்று கேட்டது நான். பனியன் ஊரில் தட்டை என்றால் இஸ்திரிதான். மறுபடி பறிக்கப் போகலாம் என்றால் மழை பிடித்துக்கொண்டது, அண்ணனோ நாள் கேட்டுக்கொண்டிருந்தார். பூவின் நிறம் மிச்சமிருந்தது, தங்கை கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிடுவாள் என்று அப்படியே அனுப்பினேன். நீ திட்டுவாய் என்று பயந்து அதை எழுதாமல் விட்டேன்.

திட்டுவாய் என்றுதான் இரண்டு மாதம் காத்திருந்தேன். ‘அக்கா, இது என்ன கூத்து, தண்டு சப்பாத்தி மாதிரி இருக்கிறதே’ என்று எழுதுவாய் என்று.

நீ எழுதினாய், தண்டு உருண்டை என்று.

மருதாள் நாலு ஓட்டு ஓட்டிய தண்டு, சுப்பாத்தா. காகிதத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. அது உருண்டையா சதுரமா என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. காய்களெல்லாம் பெட்டிச் சூட்டில் நொறுங்கித் தவிடாகிவிட்டன. நீ அவற்றில் விதையை எண்ணியிருக்கிறாய்.

நீ அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. பொட்டலத்தைத் திருப்பி அனுப்பு, போதும்.

ரங்காத்தாள்

*

நல்லூர்,
27-1-1992

சுப்பாத்தாளுக்கு,

பொங்கல் முடிந்தது. உன் வாழ்த்துக் கடிதம் வரவில்லை. பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு வரி இல்லை. நான் பனியன் கழிவு நூலால் போட்ட முடிச்சு, போட்டது போட்டபடி இருந்தது.

உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டுமாவது ஒரு கார்டில் எழுது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். மாட்டுப் பொங்கலன்று அண்ணன் வந்தார், கையில் ஸ்டாம்ப் பேப்பர். “பூனாவுல இருந்து எனக்கும் தகவல் வந்துருச்சு. களைதானாமே. சொன்ன சொல்லுக்கு மருவாதி உண்டா இல்லியா?” என்றார்.

“அவ பாக்காம சொன்னாங்கண்ணா.”

“படிச்சவ பாக்காமச் சொல்லுவாளா? உனக்கு ஏன் இந்த வீம்பு? ஒண்டிக்கட்டைக்குக் குட்டை என்னத்துக்கு?”

“ஒண்டிக்கட்டையாவே இருக்கட்டுங்க. கையெழுத்து இல்லீங்க.”

காப்பியைத் தொடாமல் போனார். தையல் மெஷின்களுக்கு அன்று லீவு, படியில் இறங்கும் சத்தம் கடைசிப் படிவரைக்கும் கேட்டது.  அந்த டம்ளரை எடுத்து நானே குடித்தேன். கையெழுத்தைத் தவிர அந்தக் கையால் எதையும் செய்ய முடியும் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குட்டைக்குப் போனேன். மருதாளும் வந்தாள். அவள் ஆடுகள் அங்கேதான் தண்ணீர் குடிக்கின்றன. இஸ்திரி போட்டதால் செடி கெட்டுப்போனதை அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். “அட சாமி! அதச் சொல்லியிருக்கப்படாதுங்களா?” என்று தலையில் அடித்துக்கொண்டு, சேலையை ஏற்றிச் செருகி முழங்கால் சேற்றில் இறங்கி, வேரோடு ஒன்றைக் கொண்டுவந்தாள்.

கரையில் உட்கார்ந்து, பள்ளிக்கூட உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். தண்டை விரல்களுக்கிடையில் உருட்டினேன். அது வழுக்கி உருளவில்லை, தடங்கித் தடங்கித் திரும்பியது. மழுங்கிய நாலு மூலைகள். கணுவுக்குக் கணு நாலு இலைகள், கூட்டல் குறி போல. நுனியில் கதிர், கதிர் முழுக்கக் கடுகளவுப் பூக்கள். ஒரு பூவை ஊசியால் பிரித்தேன். மகரந்தத் தாள்கள் நாலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதா மயிர். தூரத்திலிருந்து நாம் பார்க்கும் நிறம் இதழின் நிறமே அல்ல, அந்த மயிரின் நிறம். காய்ந்த கதிர் ஒன்றில் புல்லி வட்டத்தை உடைத்தேன். உள்ளே நாலு விதை.

மருதாள் ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தவள், “என்னுங்க அம்மணி, எல்லாமே நாலு நாலா வருது. வாய்ப்பாடு படிச்ச செடிங்களா?” என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு.

துளசிக் குடும்பம்தான், அதற்குத்தான் தண்டு சதுரம், விதை நாலு. உன் லிம்னோஃபிலாவில் காய் வெடித்தால் விதை கொட்டும், நாலோடு நிற்காது. கல்லூரி நூலகத்தில் பழைய தாவர நூல் தொகுதியை எடுத்துப் பார்த்து, பேரினம் வரைக்கும் வந்துவிட்டேன். இனம் எது என்பதில் இரண்டுக்கு நடுவே நிற்கிறேன். யாரிடமும் கேட்காமல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்பதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உனக்கு மட்டும்தான் இதன் அருமை புரியும். அதுதான் என் கஷ்டம்.

ரங்காத்தாள்

*

புனே,
14-2-1992

அக்கா,

எல்லோரும் உடம்பால் நலம்.

இந்தக் கடிதத்தை நாலாவது முறையாக எழுதுகிறேன். முந்தைய மூன்றிலும் காரணங்கள் நிறைய இருந்தன. இதில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு மறுநாளே அண்ணன் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் டாக்டர் வீட்டுக்குப் போன் செய்தார். புதுப் பட்டறையில் இவரைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். இவருடைய கம்பெனி நொடித்துப்போய் மூன்று மாதமாக வேலை இல்லை. உங்களிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் கேட்டது எங்கள் பாப்பாவுக்குத்தான். “ரங்கா ஒரு செடி அனுப்புவா, பாத்துக்க” என்றார் அண்ணன். அவ்வளவுதான் சொன்னார். பொய் எழுது என்று சொல்லவில்லை.

பதினாறு வருஷம், அக்கா. கடைக்குப் போனால் மராத்தி, வீட்டுக்குள் தமிழ். மாதத்தில் ஒருநாள் யாராவது ‘ஏனுங்க’ என்று கூப்பிட மாட்டார்களா என்று இருக்கும். ஊருக்கு வந்துவிடலாம் என்றதும் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

பொட்டலம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. தினமும் இழுப்பறையைத் திறப்பேன், மூடுவேன். பிரித்துப் பார்த்துவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு பொய் எழுதும் தைரியம் எனக்கு இல்லை. பார்க்காமல் எழுதினால் அது பொய் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். மாணவிகளிடம் தினமும் சொல்கிறேன், பார்க்காததை எழுதாதீர்கள் என்று.

உங்கள் இஸ்திரிக் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்துத்தான் படித்தேன். அன்று பாடம் எடுக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. புதுச் செடி இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றாலும் எனக்குப் புரியும்.

சுப்பாத்தாள்

*

நல்லூர்,
22-2-1992

சுப்பாத்தாளுக்கு,

மாப்பிள்ளைக்கு வேலை போனதை என்னிடம் சொல்லியிருக்கலாம். அதுதான் எனக்குப் பொட்டலத்தைவிடப் பெரிய வலி. மனசு இன்னும் ஆறவில்லை, ஆறிவிட்டதாக எழுதினால் அதுவும் பார்க்காமல் எழுதியதாகிவிடும்.

புனேக்குச் சரக்கு எடுக்கும் பனியன் வியாபாரி நல்லான் வசம் ஊறுகாய்ப் பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றிச் செடியை அனுப்பியிருக்கிறேன். ஏற்றும்போது என்னிடம், “டீச்சர், இது ஊறுகாயிங்களா, மருந்துங்களா? போலீஸ்காரன் கேட்டா என்ன சொல்றது?” என்று கேட்டார். பூ என்றேன். “அதுக்குப் பேரு இல்லீங்களா?” என்றார். உன் கையில்தான் இருக்கிறது என்றேன்.

உண்மையில் என்னவோ அதை எழுது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். நீ எதை எழுதினாலும் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. சபையில் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அண்ணன் வீட்டுக்கே போய், அத்தை முன்னால், நங்கை முன்னால் சொல்லிவிட்டு வந்தேன். “பேசுன பேச்ச மாத்தறவ” என்றார் அத்தை. ஆமாங்க, மாத்தறேன் என்றேன். நாற்பத்து மூன்று வயதில் முதல்முறையாக வார்த்தை மாறியவள் என்று பேர் வாங்கியிருக்கிறேன். அது அவ்வளவு ஒன்றும் சுடவில்லை.

அந்தப் பந்தயமே என் தப்பு. செடி அபூர்வமாக இருந்தால் குட்டை பிழைக்கலாம், சாதாரணமாக இருந்தால் சாயத் தண்ணீரில் சாகலாம் என்று நானே ஒப்புக்கொண்டுவிட்டேன். அதை யோசித்து ஒரு வாரம் தூங்கவில்லை. இந்தக் குடும்பத்தில் இத்தனை வருஷமாக என்னை அளந்த அதே படியால் நான் அந்தச் செடியை அளந்திருக்கிறேன்.

இருமல் எப்படி?

ரங்காத்தாள்

*

புனே,
20-3-1992

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இருமல் இல்லை. பாப்பாவுக்குப் பரீட்சை நடக்கிறது.

பாட்டில் பத்திரமாக வந்தது. அன்றே திறந்தேன். இரண்டு நாள் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, இங்கே இருக்கும் செடி ஒட்டிய பழைய தாள்கள் அத்தனையோடும் ஒப்பிட்டேன். நீங்கள் கரையில் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்றுகூடத் தப்பு இல்லை. நீங்கள் நடுவே நின்ற இரண்டு இனங்களுக்குள் ரோமம் அடர்ந்த தண்டும் நாலு நாலான இலையும் உள்ளதுதான் இது. நீங்கள் பார்த்த தொகுதியில் பேரினத்துக்குப் பழைய பெயர் இருக்கும். இப்போது போகோஸ்டெமான் குவாட்ரிஃபோலியஸ். முதல் சொல்லுக்கு, தாடி வைத்த மகரந்தத் தாள் என்று பொருள். இரண்டாவதற்கு, நாலிலை.

அபூர்வம் இல்லை, அக்கா. தெற்கே பல இடங்களின் சதுப்பிலும் வயல் ஓரத்திலும் இருக்கிறது. உங்களைச் சந்தோஷப்படுத்த வேறு மாதிரி எழுத ஆசையாக இருந்தது. எழுதவில்லை. ஆனால் நம் மண்ணுக்கே உரியது. எங்கிருந்தோ வந்து முளைத்ததல்ல. எங்கள் தாள்களில் திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒன்றுகூட இல்லை.

முந்தாநாள் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அண்ணனுக்குப் போன் செய்தேன். முதலில் எழுதியது பொய், செடியைப் பார்க்காமல் எழுதினேன் என்று சொன்னேன்.  “அப்ப நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு. சரி. அங்கயே இருங்க” என்றார். வைத்துவிட்டார்.

இவர் என்னோடு பேசி இரண்டு நாள் ஆகிறது. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார். இங்கேயே ஒரு கிடங்கில் கணக்கர் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார், நான் பார்க்காததுபோல் இருக்கிறேன். நாங்கள் திருப்பூர் வரப் போவதில்லை. இதை எழுதும்போது அழவில்லை என்று எழுதினால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

உங்கள் செடியை இங்கே தாளில் ஒட்டிவிட்டேன். சேகரித்தவர் என்ற இடத்தில் யார் பெயர் எழுதட்டும்?

சுப்பாத்தாள்

*

நல்லூர்,
19-4-1992

என் அன்புத் தங்கை சுப்பாத்தாளுக்கு,

நலம். நீ, மாப்பிள்ளை, பாப்பா மூவரும் நலமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை பேசத் தொடங்கிவிட்டாரா? கிடங்கு வேலை கிடைத்தால் தந்தி கொடு.

சேகரித்தவர் மருதாள் என்று எழுது. சேற்றில் இறங்கியது அவள். இனம் கண்டவர் என்ற இடத்தில் என் பெயரையும் உன் பெயரையும் எழுது. என் பெயரை முதலில் போடு, நான் மூத்தவள்.

போன புதன்கிழமை பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகிவிட்டது. ஆமாம், முடித்துவிட்டேன். உன் போனுக்குப் பிறகு அண்ணன் இரண்டு வாரம் வரவில்லை. நானே போனேன். “அண்ணா, ரோட்டோரப் பூமி முழுசும் நீங்க எடுத்துக்குங்க. எனக்கு மூலைக் குட்டையும் கரையும் போதும். குட்டைக்கு மழைத் தண்ணி வர்ற வாரியை அடைக்கப்படாது. சாயத் தண்ணி ஒரு சொட்டு வரப்படாது. இத்தனையும் பத்திரத்துல வரோணும்” என்றேன்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ரோட்டுப் பூமி இன்னிக்கு என்ன வெலைன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சேதான் கேக்கறியா?”

“ஆமாங்க.”

நங்கை அடுப்படியிலிருந்து ஓடிவந்து, “வேண்டாங்க, நாளைக்கு ஊர் நம்மளப் பேசும், புத்தி கெட்டவளை ஏமாத்திப்போட்டாங்கன்னு” என்றார். எனக்குப் புத்தி நன்றாக இருப்பதாக நானே பத்திரத்தில் எழுதித் தருகிறேன் என்றேன்.  பெரியாத்தாள் அத்தை வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்திரம் எழுதும் கன்னையன் சொத்து விவரத்துக்கு வந்ததும், “மரம் மட்டை, கெணறு, மோட்டார் ஏதாச்சும் உண்டுங்களா டீச்சர்?” என்றார்.

“செடி இருக்குது. எழுதிக்குங்க.”

“செடி கொடிகள் உட்படன்னு போட்டர்றனுங்க. அதுல எல்லாம் அடங்கிரும்.”

“அடங்காதுங்க. பேரு சொல்லி எழுதோணும்.”

போகோஸ்டெமான் குவாட்ரிஃபோலியஸ் என்று எழுத்து எழுத்தாகச் சொன்னேன். மூன்று முறை அடித்து எழுதினார். “இதென்னுங்க, வெள்ளக்காரச் சாமி பேராட்டம். பூமிய விட்டுப்போட்டுப் பேர வாங்கிட்டுப் போறீங்களே” என்றார். பக்கத்துத் திண்டில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். தீபாவளிக்குக் கூடம் சிரித்தபோது எனக்கு வலித்தது. இப்போது வலிக்கவில்லை. ஏன் என்று பஸ்ஸில் யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

அண்ணன் அந்த வரியை விரலால் தொட்டு வாசித்தார். திக்கினார். அடித்துவிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கீழே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது சொன்னார்: “இன்னைக்கே போய்ப் பாரு. சித்திரை வெயில்ல ஒரு புல்லு இருக்காது. காஞ்சு கெடக்கற குழிக்கு ரோட்டுப் பூமியக் குடுத்துருக்கற. ஒரு வருசத்துல நீயே வந்து எடுத்துக்கங்கண்ணான்னு நிப்ப.”

“காயத்தானுங்க செய்யும்” என்றேன். “அது குட்டைங்கண்ணா.”

அவர் சொன்னதற்காகவே அன்று மாலை போனேன். அண்ணன் பொய் சொல்லவில்லை. குட்டை அடிவரைக்கும் வெடித்து, ஓட்டுச் சில்லுப்போல் கிடந்தது. ஒரு இலை இல்லை. மருதாளின் ஆடுகள்கூட வேறு பக்கம் போயிருந்தன. ரோட்டோரம் அண்ணனின் ஆட்கள் அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்துவிட்டு, “யாருங்கம்மா அது? அந்தப் பக்கமெல்லாம் போகப்படாதுங்க, கம்பெனி எடம்!” என்று சத்தம் போட்டான்.

நான் வெடித்த சேற்றின் மேல் நடந்து, நட்டநடுவுக்குப் போய் நின்றுகொண்டேன்.

“கம்பெனி எடம் உன்ற காலுக்குக் கீழ இருக்குது” என்று நானும் சத்தமாகச் சொன்னேன். “இது என்னுது.”

முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உடனே பதில் போடு.

உன் அக்கா,
ரங்காத்தாள்